வக்கீல் பேனாவின் மூடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுப்புராமன் வீட்டு அழைப்புமணியை அழுத்துகிறவர்கள் கொஞ்சம் காத்துத்தான் ஆக வேண்டும். மாமனாரும் மருமகளும் பேனாக்களுக்கு மை நிரப்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. செங்கல்பட்டில் அந்தத் தெருவுக்கே இது தெரியும். தண்ணீர் கேன் போடுகிறவர் கேனை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார், காசை மறுநாள் வந்து வாங்கிக்கொள்வார்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்திருக்கும். அதன்மேல் வெல்வெட் ஒட்டிய மரத்தட்டு, தட்டு நிறையப் பேனாக்கள். கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வுபெற்ற சுப்புராமனுக்குப் புதுப் பேனாவைக் கண்டால் ஆகாது. யாரோ ஒருவர் ஒரு வாழ்நாள் முழுக்க எழுதித் தேய்த்த பேனாதான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பெயரும் வைத்திருந்தார். தடியாக, கறுப்பாக, எடுத்தாலே மணிக்கட்டை இழுப்பது தாசில்தார். நடுத்தர நீளத்தில் பச்சையும் கறுப்புமாகக் கோடு ஓடியது பச்சை. மயிலாப்பூரில் ஒரு வழக்கறிஞர் குடும்பத்தை வருஷக்கணக்கில் நச்சரித்து வாங்கிவந்தது வக்கீல். குட்டையாக, திரட்சியாக, பலகையில் ரேகை ஓடுவதுபோலச் சிவப்பும் பழுப்பும் சுழித்த, கெட்டி ரப்பரான எபொனைட்டில் கடைந்த பேனா. அதைத் தொடும் முன்பு அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார்.

"கண்ணால பேனா வாங்கறவன் கண்ணால செருப்பு வாங்கறவன் மாதிரி" என்பார். "முதல் வரியில எல்லாப் பேனாவும் நல்ல பேனாதான். அரைப் பக்கம் எழுதிட்டுக் கட்டைவிரலைக் கேளு. ரொம்பத் தடியா இருந்தா விரல் அகண்டு போகும். ரொம்ப ஒல்லியா இருந்தா கட்டைவிரல் அதைப் போட்டு நெரிக்கும். பேனாவோட வால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல வந்து சாஞ்சிருக்கணும், கைக்குழந்தை தோள்ல சாயற மாதிரி."

இதையெல்லாம் வாய் கிழியப் பேசுகிற மனிதர், எட்டு வருஷமாக எதிரில் உட்கார்ந்திருக்கும் மருமகளின் கட்டைவிரலை ஒருநாளும் பார்த்ததில்லை.

ஸ்ரீதேவியைப் பெண் பார்க்க வந்தபோதும் அவர் தட்டோடுதான் வந்தார். அந்த வீட்டின் வழக்கம் அது. பெண் எல்லாப் பேனாவிலும் அரைப் பக்கம் எழுதிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது அவளுக்கே. விழுப்புரத்தில் தன் வீட்டுக் கூடத்தில், தாம்பூலத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்த அந்தப் பேனாத்தட்டைப் பார்த்து ஸ்ரீதேவி திகைத்து நின்றாள். "இருக்கறதுலயே சின்னதா எடுடி, அடக்கமா இருக்கும்" என்று அம்மா காதில் சொன்னாள். அப்படி எடுத்ததுதான் குட்டி. விரலைவிட ஒல்லி, மூடியின் உச்சியில் ஒரு வளையம். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வதற்காகச் செய்தது. சுப்புராமன் மகிழ்ந்துபோனார். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்றார். ஸ்ரீதேவியின் கை அவள் அப்பாவின் கை. அகலமான உள்ளங்கை, தடித்த விரல்கள். பள்ளியில் கணக்கு டீச்சராக வேலை பார்த்து, கட்டுக்கட்டாக நோட்டுகளைக் குட்டியால் திருத்தித் திருத்தி, கட்டைவிரலின் அடிமூட்டு புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. ராத்திரியில் தைலம் தேய்த்துக்கொள்வாள். மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி வந்து சேரும் அவள் கணவன் ஹரிகிருஷ்ணன், "என்ன நாத்தம் இது?" என்று திரும்பிப் படுத்துக்கொள்வான்.

வலித்தால் என்ன? அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. மாமியார் போன பிறகு, அந்தப் பேனாக்களைத் தொட உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும்கூட அந்த உரிமை இல்லை. "ஸ்ரீதேவி கையும் என் கையும் ஒண்ணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் வாரம் முழுவதையும் ஓட்டிவிடுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கியது. இங்க் ஃபில்லரை உதறிவிட்டு அவள் நிமிர்ந்தபோது மாமா செல்போனை நீட்டினார்.

"இனியன் அனுப்பியிருக்கான். அந்தப் பொண்ணு எழுதினது. பாரு."

சிறுசேரியில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் காயத்ரியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இளையவன் இனியன் சொல்லி ஒரு மாதமாயிற்று. திருக்கழுக்குன்றம் பக்கம், விவசாயக் குடும்பம். அப்பா முனிசாமி இப்போது லாரிகள் ஓட்டுகிறார். மாமா குதிப்பார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவரோ, "மகாபலிபுரத்துல ஒரு ஓட்டல்ல பாத்துக்கலாம், தட்டை எடுத்துக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டார்.

"நீளமான கை" என்றார் இப்போது, திரையை விரலால் பெரிதாக்கி. "அழுத்தமே இல்லை பாரு. எழுத்து காகிதத்து மேல நடக்குது. உன் எழுத்து உழும்."

ஸ்ரீதேவி சிரித்துவைத்தாள்.

"இந்தப் பொண்ணு வந்தா உனக்கும் விடுதலைதான். ஒரு ரெண்டு வாரம் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுத்துடு. அப்புறம் இதை அவ பாத்துப்பா. நீ உள்ள டிபனைக் கவனிக்கலாம், பாவம், ஞாயித்துக்கிழமையும் லேட்டாயிடறது."

ஃபில்லரின் நுனியிலிருந்து ஒரு சொட்டு வேட்டியில் விழுந்து பரவியது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. லென்ஸை எடுத்து வக்கீலின் மூடியை அவளிடம் காட்டினார்.

"இங்க விளிம்புல பாரு. முடி மாதிரி ஒரு கீறல். மூடியைக் கழட்டி வச்சு எழுதினா ஒண்ணும் ஆகாது. பின்னால மாட்டினா போச்சு, பிளந்துடும்."

"யாருக்காவது காட்டினீங்களா மாமா?"

"உனக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு வக்கீலைத் தட்டில் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தார்.

புதன்கிழமை பள்ளி விட்டு வரும்போது, பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த பேக்கரியில் இனியன் காத்திருந்தான். கூடவே காயத்ரி. ஒல்லியாக, உயரமாக, காதில் சின்னத் தோடு. ஸ்ரீதேவியைப் பார்த்ததும் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அண்ணி, நீங்கதான் காப்பாத்தணும்" என்றான் இனியன். "எதை எடுத்தா அப்பாவுக்குப் பிடிக்கும்னு இவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா தப்பாப் போயிடும். எனக்குப் பேனான்னா மூடியும் முள்ளும்தான் தெரியும்."

"எனக்கு அதுகூடத் தெரியாதுக்கா" என்று சிரித்தாள் காயத்ரி. "எங்க வூட்ல பேனான்னா காதுல சொருகறது. எங்க நைனாவுக்கு ரெண்டு காதுலயும் ஒண்ணொண்ணு கீது. உங்களுது எப்படியிருக்கும், ஒருவாட்டி எழுதிப் பாக்கட்டுமா?"

ஸ்ரீதேவி கைப்பையிலிருந்து குட்டியை எடுத்துக் கொடுத்தாள். பேக்கரியின் காகிதத்தில் காயத்ரி தன் பெயரை எழுதினாள். அடுத்த வரிக்குள் நிறுத்திவிட்டாள். பேனாவைப் பார்த்தாள், பிறகு ஸ்ரீதேவியைப் பார்த்தாள். கேட்காமலேயே அவள் வலதுகையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீங்கிய மூட்டின்மேல் காயத்ரியின் விரல் மெல்ல அழுந்தியது.

"இது உங்க கைக்கு ரொம்பச் சின்னதுக்கா. வலிக்கலையா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எட்டு வருஷம் காத்திருந்தவள் ஸ்ரீதேவி. மாமா கேட்டிருக்கலாம், கணவன் கேட்டிருக்கலாம். தன் நாற்காலியில் வந்து உட்காரப்போகிற ஒருத்தி, பார்த்த பத்தாவது நிமிஷத்தில் கேட்டுவிட்டாள்.

"அப்பா கொடுத்தார்னா அண்ணி குண்டூசியாலகூட எழுதுவாங்க" என்றான் இனியன், பப்ஸைப் பிய்த்துக்கொண்டே.

"சும்மா இருடா. பாவம் அக்கா" என்றாள் காயத்ரி. "நான் வந்ததும் மொதல்ல மாமாகிட்ட பேசறேன். அக்காவுக்கு வேற ஒண்ணு கொடுங்கன்னு நானே கேட்டு வாங்கித் தர்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அவளுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. ஸ்ரீதேவி கையை இழுத்துக்கொண்டு தன் பேனாவை வாங்கி மூடினாள். கேட்டு வாங்கித் தருவாளாம். வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே சிபாரிசு செய்கிற இடத்தில் அவளும், கையேந்துகிற இடத்தில் தானும் நிற்பது ஸ்ரீதேவியின் கண்முன் தெரிந்தது.

"வக்கீலை எடு" என்றாள். தன் குரல் அவ்வளவு கனிவாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "சிவப்பும் பழுப்புமா இருக்கும், கொஞ்சம் குட்டை. மாமாவுக்கு உயிர். உன் கை நீளம், அதனால வால் பள்ளத்துக்கு எட்டாது. மூடியைப் பின்னால மாட்டிக்கோ, சரியா இருக்கும்."

"மாட்டினா ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"குட்டைப் பேனாவெல்லாம் அப்படி எழுதறதுக்குத்தான் செஞ்சிருக்காங்க. நல்லா அழுத்தி மாட்டு. இல்லன்னா எழுதறப்போ ஆடும்."

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பேனா தெரிந்த யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

கிளம்பும்போது காயத்ரி ஒரு பொட்டலத்தை அவள் பையில் திணித்தாள். "தேங்கா பன்னுக்கா. சூடா கீது. வூட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க."

மகாபலிபுரத்தில் கடலைப் பார்த்த ஓட்டலில், ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே சிற்பக்கூடங்களில் உளிச்சத்தம் ஓயவில்லை. ஹரிகிருஷ்ணனுக்கு ஷிப்டு. அதனால் இந்தப் பக்கம் மாமா, இனியன், ஸ்ரீதேவி. அந்தப் பக்கம் முனிசாமி, அவர் மனைவி, காயத்ரி. முனிசாமி வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையாமல், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஏசிக் குளிருக்குப் புடவைத் தலைப்பைத் தோளோடு இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா பேரு?" என்று கேட்டார் சுப்புராமன்.

"வேண்டாங்க."

"சொல்ல இஷ்டமில்லைன்னா விட்டுடுங்க."

முனிசாமி சத்தமாகச் சிரித்தார். "அதான் சார் பேரே. நாலாவதும் பொட்டப்புள்ளையா பூட்ச்சின்னு அப்படி வச்சிட்டாங்க."

"நல்ல பழக்கம்" என்றார் சுப்புராமன். "மனசுல இருக்கறதைப் பேர்லயே சொல்லிடறது. பின்னால யாரும் ஏமாந்தோம்னு சொல்ல முடியாது பாருங்க."

ஸ்ரீதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. வேண்டா அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டாள்.

சூப் வந்தது. அது ஆறுவதற்குள் சுப்புராமன் தட்டை மேஜைமேல் வைத்து, வெள்ளைக் காகிதத்தைக் காயத்ரியின் பக்கம் தள்ளினார்.

"இன்னா சார் இது" என்றார் முனிசாமி. "பொண்ணு பாக்க வந்தா பாடச் சொல்லுவாங்கோ. இது லைசென்ஸுக்கு எட்டுப் போடச் சொல்ற மாதிரி கீதே."

"அதேதான். எட்டுப் போடத் தெரியாதவங்ககிட்ட வண்டியைக் கொடுக்க முடியுமா?"

"நம்ம பொண்ணு போட்டுருவா சார். போடும்மா."

காயத்ரி முதலில் தாசில்தாரை எடுத்தாள். நாலு வரி எழுதியதும் கையை உதறினாள். "இது எங்க நைனா மாதிரி மாமா. நான் திருப்பற பக்கம் திரும்ப மாட்டேங்குது."

சுப்புராமன் வாய்விட்டுச் சிரித்தார். ஸ்ரீதேவி அந்தச் சிரிப்பை அறிவாள். தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வருகிற சிரிப்பு. இதுவரைக்கும் அது அவளுக்கு மட்டும் கிடைத்து வந்தது.

அடுத்து பச்சை. முள் காகிதத்தைத் தொட்டதும் காயத்ரியின் தோள் தளர்ந்தது. பேனாவின் வால் கையின் பள்ளத்தில் போய்ச் சாய்ந்துகொண்டது. அவள் வரி வரியாக எழுதிக்கொண்டே போனாள். எழுதுவதையே மறந்துவிட்டவள்போல எழுதினாள். அந்தப் பேனா அவளுக்கென்றே இத்தனை வருஷம் காத்திருந்ததுபோல இருந்தது. மேஜையைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. லாரிக்காரரான அவள் அப்பாவுக்கே தெரிந்தது.

"அதான்மா, அதுவே நல்லாக்கீது" என்றார்.

காயத்ரி தலையைத் தூக்கி ஸ்ரீதேவியைப் பார்த்தாள். இதையே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கண்கள் கேட்டன. இப்போதுகூட ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஸ்ரீதேவி லேசாகத் தலையசைத்திருந்தால் போதும். பச்சை அவளோடு போயிருக்கும், கல்யாணம் நடந்திருக்கும்.

ஸ்ரீதேவியின் பார்வை மெல்ல நகர்ந்து வக்கீலின்மேல் நின்றது.

காயத்ரி பச்சையை மனமில்லாமல் கீழே வைத்துவிட்டு வக்கீலை எடுத்தாள். மூடியைத் திருகிக் கழற்றினாள். நாலு எழுத்து எழுதிப் பார்த்தாள். பேனா கைக்குள்ளேயே தங்கிவிட்டது, வால் எட்டவில்லை. சொன்னது சரிதான் என்பதுபோல ஒரு சின்னப் புன்னகை. மூடியை எடுத்துப் பேனாவின் பின்பக்கம் வைத்து நன்றாக அழுத்தினாள்.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். வெட்டிப்போட்ட நகம்போல ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தில் விழுந்தது. மூடியின் விளிம்பிலிருந்து பாதிவரை பிளவு ஓடியிருந்தது.

சுப்புராமன் கத்தவில்லை. எழுந்து வந்து, அவள் கையிலிருந்து பேனாவை இரண்டு விரலால் வாங்கி, கைக்குட்டையில் வைத்தார். காகிதத்தில் கிடந்த துண்டையும் பொறுக்கி அதனுடன் வைத்தார்.

"மூடியைப் பின்னால மாட்டச் சொல்லி யாரும்மா உனக்குச் சொன்னாங்க?"

காயத்ரி ஸ்ரீதேவியைப் பார்த்தாள். ஸ்ரீதேவி ஜக்கை எடுத்து மாமாவின் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்ளர் ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்திருந்தது. இனியனும் அண்ணியைப் பார்த்தான். வாய் திறந்தது. பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாளைக் கேட்டு வாங்கியதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தானோ என்னவோ, திறந்த வாயில் ஒரு ஸ்பூன் சூப்பை ஊற்றிக்கொண்டான்.

காயத்ரி அதையும் பார்த்தாள்.

"யாரும் சொல்லல சார்" என்றாள். "குட்டையா இருந்துச்சு. நானாத்தான் மாட்டினேன்."

மாமா என்பது சார் ஆகிவிட்டிருந்தது.

"பேனாதான சார்" என்று முனிசாமி அவசரமாக எழுந்தார். "ஒட்டிக் குடுத்திடலாம். ரெண்டா பூட்ட வண்டியையே நிக்க வச்சிக்கீறேன். எங்க கெடைக்கும்னு சொல்லுங்க, புதுசாவே வாங்கியாந்திடறேன்."

"உங்க பொண்ணு மேல தப்பே இல்லைங்க" என்றார் சுப்புராமன், கைக்குட்டையை மடித்தபடி. குரலில் கோபத்தின் நிழல்கூட இல்லை. "எதை எவ்வளவு அழுத்தணும்கறது சின்ன வயசுலயே வீட்ல பாத்து வரணும். லாரி கியர் போட்டுப் பழகின வீடு. பாவம், அவ என்ன பண்ணுவா? உக்காருங்க, சாப்பாடு சொல்லியாச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க."

முனிசாமி நின்ற இடத்திலேயே நின்றார். எங்கே தட்டி நிமிர்த்துவது என்று தெரியாத ஒரு நசுங்கலைப் பார்ப்பதுபோல, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டாதான் எழுந்தாள். "எந்திரி காயத்ரி" என்றாள். பிறகு சுப்புராமனைப் பார்த்து, "எனக்கு இந்தப் பேர வச்சவங்க பொண்ணு வோணான்னு சொன்னாங்கோ சார், வாஸ்தவம்தான். ஆனா சோறு போட்டு வளத்தாங்கோ. எலையில ஒக்கார வச்சி மூஞ்சிக்கு நேரா சிரிக்கல" என்றாள். கடைசி வார்த்தை சுப்புராமனுக்கு இல்லை. அது யாருக்கு என்று ஸ்ரீதேவிக்குத் தெரிந்தது.

காயத்ரி விரலில் பட்டிருந்த மையைக் டிஷ்யூ பேப்பரில் துடைத்தாள். அது போகவில்லை. "இன்னா இனியா" என்றாள் அமைதியாக. "எதனா சொல்லணுமா உனக்கு?"

"இப்ப வேணாம் காயு. அப்பா மூடு அவுட்டா இருக்கார். அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் எப்போ? இதுக்கு மேல இன்னா கீது பேச?"

போகிற வழியில் ஸ்ரீதேவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். அறை விழும் என்று ஸ்ரீதேவி எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். காயத்ரி குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "கைய டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் இனியன் வீட்டுக்கு வரவில்லை. சிறுசேரியிலேயே ஒரு நண்பனோடு அறை எடுத்துக்கொண்டான் என்று ஹரிகிருஷ்ணன் சொன்னான். காயத்ரி அலுவலகத்தில் வேறு மாடிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். இனியன் போன் செய்தால் எடுப்பதில்லையாம். "ஒரு பேனாவுக்குப் போய்" என்று கொட்டாவி விட்டான் ஹரிகிருஷ்ணன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீதேவி சமையலறையிலேயே நின்றாள். வெங்காயம் நறுக்கினாள். நறுக்கியதையே மறுபடியும் நறுக்கினாள். மாமா இந்த ஒரு வாரமாக அவளிடம் சாதாரணமாகத்தான் பேசினார். அந்தச் சாதாரணம்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. கீறல் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் கணக்குப் போடத் தெரியாதவர் அல்ல.

"ஸ்ரீதேவி" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "இங்க் காயுது."

போனாள். வேட்டி விரித்திருந்தது, தட்டு இருந்தது. அவள் நாற்காலியை அவர் கொஞ்சம் இழுத்தே வைத்திருந்தார். அவள் உட்கார்ந்தாள். ஃபில்லரை எடுத்தாள்.

"ஒண்ணு நீ கேக்கவே இல்லையே" என்றார் சுப்புராமன், பச்சையின் கழுத்தைத் திருகிக்கொண்டே. "விரிசல் விட்டதை எதுக்கு மாமா தட்டுல வச்சீங்கன்னு."

ஸ்ரீதேவி ஃபில்லரை மைப்புட்டிக்குள் விட்டாள்.

"வேண்டாம்னு நான் சொன்னா இனியன் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவான். அவன் அம்மாவோட பிடிவாதம் அப்படியே அவனுக்கு. அந்தப் பொண்ணு தானா எழுந்து போகணும். அவங்க வீட்டு ஆளுங்களே கூட்டிட்டுப் போகணும்." பேனாவின் உடலை ஒளியில் பிடித்துப் பார்த்தார். "இனியன் உன்கிட்டதான் கேக்க வருவான்னு தெரியும். நீ என்ன சொல்லி அனுப்புவேன்னும் தெரியும்."

"எப்படி மாமா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ரெண்டு வாரத்துல நீ உள்ள போய் டிபன் பாக்கலாம்னு சொன்னேனே. அப்ப வேட்டியில ஒரு சொட்டு விட்டே. எட்டு வருஷத்துல நீ ஒரு சொட்டு சிந்தி நான் பாத்ததில்லை." பெருமையாகச் சிரித்தார். "உன் கை எனக்குத் தெரியாதா? வக்கீல் போனதுதான் வருத்தம். போகட்டும்."

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்ரீதேவிக்கு அழ வேண்டும்போல இருந்தது, அழுகை வரவில்லை. வந்தது வேறொன்று. இத்தனை பெரிய வேலையைச் செய்து கொடுத்தாயிற்று. இப்போதாவது கேட்கலாம் என்று தோன்றியது.

"மாமா, பச்சையை நான் எடுத்துக்கட்டுமா? குட்டி கொஞ்சம் கையை நெரிக்குது."

அவர் முதன்முறையாக அவள் வலதுகையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையின் அகலத்தையும் விரல்களின் தடிமனையும் பார்த்தார். வீங்கிய மூட்டை ஆள்காட்டி விரலால் தட்டினார், பழம் கனிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பச்சையை அவள் விரல்களுக்கு இடையில் வைத்தார். அது அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. கட்டைவிரல் தானாகத் தளர்ந்தது. எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு வலி இல்லை.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்றார் சுப்புராமன். சொல்லிவிட்டு, பச்சையை உருவி எடுத்துத் தட்டில் வைத்தார். "ஆனா இனிமே மாத்தினா உன் கையெழுத்து மாறிடும். குட்டிதான் உனக்கு லட்சணம். எடுத்துக்கிட்டு வா, அதையும் நிரப்பிடலாம்."

அவள் எழுந்து போய்க் கைப்பையிலிருந்து குட்டியை எடுத்து வந்தாள். மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியைக் கேட்டு இனி யாரும் வரப்போவதில்லை.

"இனியனுக்கு ஒரு ஜாதகம் வந்திருக்கு" என்று செல்போனை நீட்டினார் மாமா. "கடப்பாக்கம். அப்பா ஹெட்மாஸ்டர். இந்தத் தடவை தட்டுல என்ன வைக்கலாம்னு நீயே சொல்லு. இனிமே அது உன் பொறுப்பு."

படத்தில் ஒரு பெண் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் லட்சணமாக இருந்தது. ஸ்ரீதேவி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, முகத்தைத் தாண்டிக் கீழே இறக்கினாள். அர்ச்சனைத் தட்டைப் பிடித்திருந்த கைகள் திரையை நிறைத்தன. அகலமான, விரல் தடித்த, வேலை செய்து பழகிய கைகள்.

ஸ்ரீதேவி அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னதாவே எடுத்து வைங்க மாமா" என்றாள். "பழகிப்பா."